ஒருநாள் ஆயுளுடைய கள்

1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி விடிந்தபோது, ஒகேனக்கல்லில் காவிரியின் இரு கரைகளும் ஒரே சென்னை ராஜதானியைச் சேர்ந்தவையாக இருந்தும், இரண்டு வேறு சட்டங்களுக்கு உட்பட்ட நிலங்களாகிவிட்டன. நாம் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியின் கீழ் நிற்கிற இக்கரை அன்று சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965இல்தான். பாறைகளுக்கும் நீர்ப்புகைக்கும் அப்பால், இன்று கர்நாடகத்தைச் சேர்ந்ததாய் இருக்கும் அக்கரையோ அன்று கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகா. சேலம் ஜில்லா முழுவதிலும் அன்றுமுதல் கள் இறக்குவதும், சாராயம் காய்ச்சுவதும், விற்பதும், குடிப்பதும் குற்றமாயின. கோயமுத்தூர் ஜில்லாவில் ஆப்காரி என்னும் பழைய மதுவரி ஏற்பாட்டின்படியே வரி கட்டிய மரத்தில் கலயம் தொங்கலாம், ஏலம் எடுத்த கடையில் மொந்தை நிரம்பலாம். பரிசலில் ஏறிச் சற்று நேரத்தில் கடந்துவிடக்கூடிய ஒரு நீர்ப்பரப்பு, அன்று காலைமுதல் இந்தியாவின் முதல் மதுவிலக்கு ஜில்லா ஒன்றின் எல்லைக்கோடாயிற்று. அக்கரை பெரும்பாலும் வனமாதலால், அங்கே கள்ளுக்கடைகள் வரிசையாகக் கூரை வேய்ந்து காத்திருந்தன என்று எண்ணிவிடலாகாது. ஆயினும், ஒரு பானம் எந்த நாளில், எந்தக் கரையில் நின்றுபோயிற்று என்பதை இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிவது சரித்திரத்தில் அபூர்வமான சௌகரியம். பெரும்பாலான உணவுகளும் பானங்களும் யாரும் தேதி குறித்துவைக்காமலே மறைந்துபோகின்றன.

நின்றுபோன அந்தப் பானத்தின் ருசி என்ன என்று கேட்டால், கேள்வி உடனே மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. சமவெளியின் வரப்புகளில் பனை, நீர்வசதியுள்ள தோப்புகளில் தென்னை, ஓடைக் கரைகளிலும் மைசூர் மேட்டு நிலத்தை ஒட்டிய பள்ளங்களிலும் ஈச்சமரம் என்று, பாரமகால் என்று பெயர் வழங்கிய இந்தப் பிரதேசத்தில் கள் தரும் மரங்கள் மூவகை. மூன்றின் சாறும் நிறத்திலும் மணத்திலும் காரத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பனையில் தை, மாசிக்குப் பின் பாளை வெளிவரும்; மரமேறி காலையும் மாலையும் ஏறி, பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவான். நாளொன்றுக்கு இரண்டு முறை, அதுவும் பத்து மரமல்ல, முப்பது மரம் வரை ஏறியிறங்கும் உழைப்பு அது. தென்னையிலும் தொழில்முறை ஏறக்குறைய அதேதான். ஆனால் தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் அதற்குப் பருவத்தின் கட்டாயம் குறைவு.

ஈச்சமரத்தின் விஷயம் வேறு. அதில் பாளையைச் சீவுவதில்லை. உச்சியின் ஒரு பக்கத்தில் மட்டைகளைக் கழித்து, இளந்தண்டைச் செதுக்கி, அந்தக் காயத்திலிருந்து கசியும் சாற்றைக் கலயத்தில் ஏந்துவார்கள். ஒரு பருவத்தில் இந்தப் பக்கம் செதுக்கினால் அடுத்த பருவத்தில் எதிர்ப்பக்கம். மரம் மேலே வளர வளர, தழும்புகள் மாறி மாறிப் படிக்கட்டுகளைப் போல் தண்டில் ஏறிச்செல்லும். இறக்கிய ஆண்டுகளை அத்தழும்புகளைக் கொண்டே எண்ணிவிடலாம் என்பதால், ஆப்காரி கச்சேரியின் பேரேடுகள் செல்லரித்துப்போன இடத்திலும் ஈச்சமரத்தின் உடம்பில் ஒரு கணக்கு மிஞ்சியிருக்கிறது.

மரம் எதுவாயினும் சாறு இறங்கும்போது அது கள் அல்ல, சர்க்கரை நீர்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் நிற்கும்; தென்பாண்டி நாட்டில் பதநீர் என்றும் கொங்கு நாட்டில் தெளுவு என்றும் சொல்வது இதனையே. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில், காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் வாழும் நுண்ணுயிர்கள் யாருடைய அழைப்புமின்றிப் பணியைத் தொடங்குகின்றன. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றும்; கூடவே, பாலைத் தயிராக்குகிற இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் புளிப்பைச் சேர்க்கும்; நேரம் கடந்தால் மூன்றாவது கூட்டம் வந்து சாராயச் சத்தையே காடியாக்கிவிடும். விதை போடுவாரும் இல்லை, அளவு பார்ப்பாரும் இல்லை. காலையில் இறக்கியது மாலைக்குள் நாலைந்து சதவீதச் சாராயச் சத்தை எட்டிவிடும். மறுநாள் அது குடிப்பதற்குரிய பானமாக இருப்பது அரிது.

இவ்விதம் காற்றை நம்பிப் புளிக்கவிடும் பானம் உலகில் கள் ஒன்றே அல்ல. பெல்ஜியம் தேசத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரையும் அதன் மேற்கேயுள்ள கிராமங்களையும் சார்ந்த சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லாம்பிக் என்னும் புளிப்பு பியரை வடிக்கிற குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்துவந்தன. பார்லி மால்ட்டும் முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தை, குளிர்காலத்து இரவொன்றில், கூரைக்கடியில் அகன்ற ஆழமற்ற செப்புத் தொட்டியில் திறந்தே வைத்துவிடுவார்கள். சாளரங்களின் வழியே வரும் இரவுக்காற்றும் அந்தக் கட்டடத்தின் பழைய மரச் சட்டங்களும் தரும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இந்த வேலை. வெயில்காலத்தில் வேண்டாத உயிர்கள் புகுந்து கெடுத்துவிடும். பிறகு ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று மரப்பீப்பாய்களில் கிடக்கும். இளையதையும் முதியதையும் கலந்து கனத்த புட்டிகளில் தக்கையிட்டு அடைத்தால் அதற்குக் கூஸ் என்று பெயர்.

இதுவரை நம் கள்ளும் அவர்களுடைய லாம்பிக்கும் உடன்பிறந்தவை. பிரிவது ஆயுளில்தான். கூஸ் புட்டிக்குள்ளும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருப்பது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் அது குடிக்கத்தக்கதாய் நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் பளிங்குபோன்ற பில்ஸ்னர் பியரின் செல்வாக்கு ஓங்க, பள்ளத்தாக்கின் வடிப்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஸ்கெப்டால் கிராமத்தின் டி நேவ் போன்ற பெயர்கள் தொழிலிலிருந்து மறைந்துபோயின. ஆனால் மூடிய வடிப்பாலையின் புட்டிகள் நிலவறைகளில் இருந்தன. ஆகையால், இல்லாமற்போன ஒரு பட்டறையின் பியரை, அது இல்லாமற்போன பல்லாண்டுகளுக்குப் பிறகும், ரசிகர்கள் நாலைந்து பேர் கூடியிருந்து திறந்து, பழந்தோலின் மணம், எலுமிச்சைத் தோலின் கசப்பு, ஈரமான நிலவறையின் வாடை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள முடிகிறது. ஔத் பேர்செல் என்ற வடிப்பாலை 2002இல் நின்று 2005இல் புதியவர் கையில் மறுபடி தொடங்கியபோது, பழைய ருசி எது என்று தெரிந்துகொள்ளப் பழைய புட்டிகளே சாட்சியாக இருந்தன.

நமக்கு அந்தச் சாட்சி இல்லை. 1937 செப்டம்பர் 30ஆம் தேதி பெண்ணாகரம் பக்கத்தில் கடைசியாக இறக்கிய கள், மறுநாள் சட்டம் அமலுக்கு வந்தபோதே காடியாகிவிட்டிருக்கும். ஐரோப்பியச் சட்டமொன்று புளிப்பு பியரைத் தடுத்திருந்தால் நிலவறைகளைத் தேடி உடைக்க வேண்டியிருந்திருக்கும். இங்கே கடையைப் பூட்டியதே போதுமானதாயிற்று, மிச்சத்தைக் காலமே கொட்டிவிட்டது. கள்ளின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் அதன் வரியையும் சட்டத்தையும் ஏராளமாகப் படிக்கிறான், ருசியை மட்டும் எங்கும் காண்பதில்லை. அது எழுதியவர்களின் குறையல்ல, பானத்தின் சுபாவம்.

தமிழ் நாட்டில் எக்காலத்திலும் மது இப்படி ஒருநாள் ஆயுளோடுதான் இருந்தது என்று சொல்வதற்கில்லை. தருமபுரிக்குக் கிழக்கே அண்டை நாடான செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம், மலைவாசிகள் மூங்கிற் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன்மதுவைக் குறிப்பிடுகிறது. பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நிலத்தில் புதைத்துப் பக்குவமாக்கிய மது வீடுதோறும் வழங்கப்பட்டது தெரிகிறது. பீப்பாய்க்குப் பதில் மூங்கிலும் நிலவறைக்குப் பதில் மண்ணும் இங்கே இருந்திருக்கின்றன. காத்திருந்து குடிக்கும் அந்த முதிர்ந்த பானங்களின் கலை, எந்தச் சர்க்காரும் தடுப்பதற்கு முன்னரே, யாரும் கவனியாத ஏதோ ஒரு நூற்றாண்டில் போய்விட்டது. உழைப்பாளியின் அன்றாடத் தாகத்துக்குரிய, அன்றே இறக்கி அன்றே தீர வேண்டிய கள் மட்டும் எஞ்சியது. எனக்கு மிகவும் இழப்பாகத் தோன்றுவது முதலாவதுதான். ஆனால் அதற்காக அழுவதற்கு ஒரு தேதிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கள்ளைப் பற்றிய தமிழ்ப் பாட்டுக்களிலேயே மனத்தை உருக்குவது எது என்று கேட்டால், அதுவும் இந்தத் தகடூர் மண்ணுக்கே சொந்தமாகிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய இரங்கற் பாட்டில், புறநானூற்றின் 235ஆம் பாட்டில், வள்ளலின் பெருமைகளை அடுக்க வந்த புலவர் முதன்முதலில் சொல்வது அவன் போர் வெற்றியை அன்று. கள் குறைவாக இருந்த நாளிலும் நிறைந்திருந்த நாளிலும் அதை அவன் எப்படிப் பகிர்ந்துகொண்டான் என்பதைத்தான். இன்றைய தருமபுரியே பழைய தகடூர் என்பது அறிஞர் கொள்கை. அரசனும் புலவரும் ஒருங்கிருந்து குடித்த பானம், பிற்காலத்தில் மதிப்பிழந்து, கூரைச் சாலையின் மண்தரைக்கும் ஊர்க்கோடிக்கும் ஒதுக்கப்பட்டது எப்படி என்பதை யாரேனும் தனியாக ஆராய்ந்தால் நல்லது. சமண பௌத்த நெறிகளும் பின்வந்த சைவ வைணவ ஆசாரங்களும் அதில் பங்குகொண்டவை என்பதில் ஐயமில்லை.

பாரமகாலைப் பொறுத்தவரை, மதுவைத் தடுக்கும் யோசனையும் 1937இல் முதன்முதலாகப் பிறந்ததன்று. திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் மதுவை அறவே ஒழிக்க விரும்பியவர். அக்காலத்தில் இப்பகுதி மைசூரின் கீழ் இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலைக் கும்பெனி பெற்றுக்கொண்டது. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருடைய உதவியாளராகத் தருமபுரியில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். நிலத்துக்கு வரி வகுத்தவர்கள் மரத்துக்கும் மதுவுக்கும் வகுக்காமல் இருப்பார்களா? குத்தகையாக இருந்த மதுவரி படிப்படியாகத் திருத்தமடைந்து, 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டத்தில் நிலைபெற்றது. அதன்பின் மரவரி முறை பரவியது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம் இட்டு, பனைக்கு ஒரு விகிதம், தென்னைக்கு ஒரு விகிதம், ஈச்சுக்கு ஒரு விகிதம் என்று தனித்தனி வரி. கடை நடத்தும் உரிமை ஏலத்தில். ராஜதானியின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஆப்காரியிலிருந்தே வந்தது என்பதை நினைத்தால், அரசாங்கம் கள்ளுக்கடையின் மூலையில் ஒரு பங்குதாரராகவே உட்கார்ந்திருந்தது புலப்படும்.

அந்தப் பங்கை வேண்டாம் என்று உதறிய மனிதர் இந்த ஜில்லாவைச் சேர்ந்தவரே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, சேலத்தில் வக்கீலாக வாழ்ந்து, அந்நகரசபைக்குத் தலைமை வகித்தவர் ராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியபோது, கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் பணிகளாயின. 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற தமிழ் மாதப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது, அதில் துணையாசிரியராக உழைத்தவர் கல்கி. ஒரு சிறு பத்திரிகை, அதுவும் குடிக்காதே என்று சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட பத்திரிகை, சுவாரஸ்யமாகவும் இருக்க முடியும் என்று அவர் காட்டியது தமிழ்ப் பத்திரிகைச் சரித்திரத்தில் ஒரு விநோதம்.

அதற்கும் முன்பே, 1921ஆம் வாக்கில், அப்பொழுது காங்கிரஸ்காரராயிருந்த ஈ. வெ. ராமசாமி, சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குரிய தோப்பில் ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு அவருடைய மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னின்றார்கள். காந்தியடிகளின் கட்டளைக்கு இப்படிப் பணிந்தவர் வேறு எவருமில்லை என்று அதைப் புகழ்வார்கள். எனக்கோ அந்த மரங்களின்மேல் ஒரு பரிவு எழாமல் இல்லை: தேங்காயும் தரக்கூடிய மரத்தைத் தண்டித்ததில் அறிவைவிட ஆவேசமே மிகுதி. ஆனால் அந்த ஆவேசத்தின் காரணத்தையும் மறைக்கலாகாது. கூலியைக் கையில் வாங்கியவன் சந்தைக்குப் போகும் வழியில் கடையில் நுழைந்துவிட்டுப் பை காலியாக வீடு திரும்பியதை, அன்றைய எந்தக் கிராமத்துப் பெண்ணும் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1937 ஜூலையில் சென்னை ராஜதானியின் பிரதமரான ராஜாஜி, மூன்று மாதத்துக்குள் மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, பரீட்சைக் களமாகத் தம் சொந்த ஜில்லாவையே தேர்ந்தார். சுமார் 24 லட்சம் ஜனங்களுள்ள பெரிய ஜில்லா அது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் அடங்கியது. அதை அமல்நடத்தும் பொறுப்பு, கலெக்டராயிருந்த டிக்சன் என்ற ஆங்கில ஐ.சி.எஸ். அதிகாரியின் கையில் விழுந்தது. ஆங்கில அதிகாரிகள் அசட்டையாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் காட்டிய ஊக்கம் ஆச்சரியமளித்தது. அடுத்து சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் சட்டம் நீண்டது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி சர்க்கார் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நாம் இன்று கடையில் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற வழக்கத்தின் ஒரு வேர், இந்த ஜில்லாவின் மூடிய கள்ளுக்கடைகளில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மரமேறிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்குச் சட்டமே ஒரு விடை வைத்திருந்தது: கலயத்தில் சுண்ணாம்பு தடவித் தெளுவு இறக்கலாம், அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கலாம், அதற்கு லைசென்ஸ் உண்டு. காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் பனைவெல்லத்தைத் தன் திட்டங்களில் ஒன்றாக வைத்திருந்தது. கஜானன் நாயக் என்பவர் அதில் நிபுணர். யோசனை நல்லதே. ஆயினும், கள்ளை இறக்கியதும் விற்றுக் காசாக்கியவனுக்கும், தெளுவை விறகு எரித்து மணிக்கணக்கில் காய்ச்சி, அச்சில் வார்த்து, வியாபாரியின் விலைக்குக் காத்திருந்தவனுக்கும் வருமானம் ஒன்றாக இருக்க முடியாது. கருப்பட்டி மரத்தைக் காப்பாற்றியது. மரமேறியின் தொழிலை முழுதாகக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியவில்லை. கள் நின்றதில் நாம் நினைத்துப் பார்க்காத வேறொரு சங்கடமும் உண்டு. பேக்கரியில் ஈஸ்ட் டப்பா வருவதற்கு முன், ரொட்டி மாவு புளித்து எழும்பக் கள்ளைச் சேர்ப்பதே இத்தேசத்து வழக்கமாயிருந்தது. ஆப்ப மாவுக்கும் அப்படியே. மதுவிலக்கு குடிகாரனைத் தேடிச் சென்றபோது வழியில் சமையற்காரனையும் இடித்துவிட்டுப் போயிற்று.

அதன் பிறகு இந்தக் கதை ஒரே நேர்கோட்டில் செல்லவில்லை. யுத்த காலத்தில், காங்கிரஸ் மந்திரிசபை இல்லாத நாளில், சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 1946 அக்டோபரில் சில ஜில்லாக்களில் மறுபடியும் தொடங்கி, 1948 அக்டோபர் 2ஆம் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராயிருந்தபோது, ராஜதானி முழுவதையும் அணைத்துக்கொண்டது. ஒகேனக்கல்லின் இரு கரைகளுக்கும் மறுபடி ஒரே சட்டம் வந்தது. ஆனால் 1956 நவம்பர் முதல் தேதி கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்ததும் ஆறு மீண்டும் எல்லையாயிற்று, இம்முறை ஜில்லா எல்லையல்ல, மாநில எல்லை. 1971இல் கருணாநிதி சர்க்கார் மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974இல் மீண்டும் விதித்தது, 1981இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் கள்ளுக்கும் சாராயத்துக்கும் வழிவிட்டது. கடைசியாக 1987 ஜனவரி முதல் தேதி கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அன்றிலிருந்து இதுவரை திறக்கவில்லை. தேயிலைத் தண்ணீர் நிறத்துப் பிராந்திகளைச் சர்க்கார் கடைகளே விற்கிற மாநிலத்தில், மரத்திலிருந்து இறங்குகிற நாலு சதவீதப் பானம் மட்டும் குற்றமாயிருப்பது விசித்திரமென்று சொல்வதற்கு ஒருவன் கள் விரும்பியாக இருக்க வேண்டியதில்லை.

கள்ளின் ருசியை இன்று சட்டப்படி அறிய விரும்பும் தமிழன் மாநில எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. அங்கே விற்கும் கள்ளில் பெரும்பகுதி, பாலக்காட்டு எல்லையோரத்துச் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்து வண்டிகளில் தெற்கே செல்கிறது. தர்க்கத்துக்குப் பயந்து ருசியை விட்டுவிடக் கூடாதென்று நானும் ஒரு முறை அங்கே போய், காலையில் இறக்கியதையும் மாலையில் எஞ்சியிருந்ததையும் தனித்தனியாகச் சுவைத்தேன். அரிசி களைந்த நீரின் நிறம். காலையில் இனிப்பே மேலோங்கி, நாவின் நுனியில் சிறு குத்தல் மட்டும். வாசனையோ ருசியைவிட முரட்டுத்தனமானது, அதைக் கடந்த பின்தான் இனிப்பு தெரியும். மாலையில் அதே கள்ளை அடையாளம் காண முடியவில்லை: இனிப்பு ஒதுங்கி, புளிப்பு நாவின் இரு பக்கங்களையும் பற்றி இழுத்து, தொண்டையில் ஒரு வெப்பம் இறங்கியது. இடைப்பட்ட நேரத்தில் எத்தனை கள்கள் வந்து போயின என்று யாரால் சொல்ல முடியும்? கடையில் பழகியவர்கள் கலயத்தை முகர்ந்தே நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். மீன் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் பக்கத்தில் வைத்தார்கள். மாலைக் கள்ளின் புளிப்புக்கு அந்தக் காரம்தான் ஜோடி என்பது உடனே விளங்கிற்று.

ஆனால் அது தென்னங்கள்; அதுவும் மலைக்கு மேற்கே, வேறு மண்ணில் விளைந்தது. ஒகேனக்கல் வழியில் வறண்ட மேட்டுக் காட்டு ஓடையில் நின்ற ஈச்சமரம், கேழ்வரகுக் களியும் புளிக்குழம்பும் உண்டு வெயிலில் கல்லுடைத்த மனிதனுக்கு மாலையில் தந்த புளிப்பு எத்தகையது என்பதை, சித்தூர்க் கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருமென்று எதிர்பார்த்ததும் நியாயமல்ல. மரம் வேறு, கலயம் வேறு, காற்றிலுள்ள நுண்ணுயிர் வேறு. பெல்ஜியத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் காற்றும் அந்தக் கட்டடத்தின் தூசியும் இல்லாமல் உண்மையான லாம்பிக் இல்லை என்று அவர்கள் பிடிவாதம் பிடிப்பதைக் கேட்டுச் சிரித்தவர்கள்கூட, கள்ளின் விஷயத்தில் அதே பிடிவாதம் பிடிக்க வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் அணுகியிருக்கிறார்கள். அங்கே பனங்கள் சட்டப்படியான பானம். கூட்டுறவுச் சங்கங்கள் அதைச் சேகரித்து, சூடேற்றிப் புளிப்பை நிறுத்தி, போத்தலில் அடைத்துக் கடல்கடந்தும் அனுப்புகின்றன. அதனால் ஆயுள் ஒருநாளிலிருந்து மாதங்களாக நீண்டது. கூஸ் புட்டிக்குள் உயிர் இருந்து முதிர்கிறது. சூடேற்றிய போத்தலுக்குள் உயிர் நின்றுவிட்டிருக்கிறது, ஒரு வேளையின் ருசி மட்டும் அப்படியே பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இலண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் யாழ்ப்பாணத்தானுக்கு அதுவே போதும் என்றால், அதை மறுக்க எனக்கு என்ன அதிகாரம்?

இப்பொழுது கொங்குப் பக்கத்து விவசாயிகளிடையே, செ. நல்லசாமி முதலியோர் நடத்திவரும் இயக்கம், கள் போதைப்பொருளன்று, உணவு என்றும், அதை இறக்கவும் பருகவும் உரிமை வேண்டும் என்றும் கேட்டுவருகிறது. போதைப் பானங்களை விலக்க அரசு முயல வேண்டும் என்று சொல்லும் அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவையே தம் பக்கத்துக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். வழக்கு எப்படி முடியுமோ தெரியாது. முடிந்து, நாளையே அனுமதி வந்தாலும், தருமபுரியில் ஏறுவதற்கு ஆள் வேண்டும். 1987இல் இருபது வயதாக இருந்து மரமேறியவருக்கு இன்று அறுபதை ஒட்டிய பிராயம், அவர் பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலைக்கோ ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கோ போய்விட்டார்கள். பனைக்குப் பாளை சீவத் தெரிந்தவரைத் தென்மாவட்டங்களில் தேடிப் பிடித்துவிடலாம். ஈச்சமரத்தை எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் செதுக்கினால் மரம் சாகாது என்று தெரிந்தவரைத் தேடுவது அத்தனை சுலபமல்ல. ஆகவே பழைய கள்ளை மீட்டுத் தாருங்கள் என்று கேட்பவர்களிடம், மனுவை எழுதுமுன் இதையும் சேர்த்து எழுதச் சொல்வேன்: பனங்கள்ளா, தென்னங்கள்ளா, ஈச்சங்கள்ளா, காலையில் இறக்கியதா, மாலையில் இறக்கியதா?